சம்பளம் வாங்கிக்கொண்டு காட்டும் கனிவு கனிவாகுமா?

மார்ச் 4 (ஒரு வாசகரின் கேள்வி)

கவுன்டரில் இருப்பவர், நடத்துநர், வரவேற்பாளர், தூய்மைப் பணியாளர் ஆகியோர் முன்பின் அறியாதவர்களிடம் காட்டும் அன்பைப் பற்றி நெகிழ்ந்து எழுதப்படும் குறிப்புகளை அடிக்கடி வாசிக்கிறேன். எனக்கு ஓர் ஐயம் தீரவில்லை. அவர்கள் அந்த வேலைக்குச் சம்பளம் பெறுகிறார்கள். இன்முகத்தோடு நடந்துகொள்வதும் அந்த வேலையில் அடக்கம். அப்படியிருக்க, கடமையைச் செய்தவரைக் கொடையாளியாக்கிப் பேசுவது ஏன்? நண்பர் செய்தால் கனிவு, ஊழியர் செய்தால் சேவை என்று பிரித்துவிடுவதுதானே நேர்மை?

மார்ச் 4, இரவு (இந்த இணைய இழையில் என் பதில்)

இந்தப் பிரிவினையை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சொல்ல ஒரு நிகழ்ச்சியை எழுத வேண்டியிருக்கிறது.

என் தந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில், அந்தப் பிரிவின் கதவருகே இரவுக் காவலர் ஒருவர் அமர்ந்திருப்பார். அனுமதிச் சீட்டு இல்லாதவர்களை உள்ளே விடாமலிருப்பதும், மருத்துவர் அழைக்கச் சொன்னால் நோயாளியின் பெயரை உரக்கச் சொல்வதும் அவருடைய வேலை. வெளியே நாற்காலிகளில் இருந்த நாங்கள் யாரும் தூங்குவதில்லை. கண்ணயர்ந்த நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. ஓரிரவு அவர் எழுந்து வந்து, ஒவ்வொருவரிடமும் நோயாளியின் பெயரைக் கேட்டு, யார் எந்த நாற்காலியில் இருக்கிறார் என்பதைத் தன் பதிவேட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். "தூங்குங்கள், கூப்பிட்டால் நானே வந்து எழுப்புகிறேன்" என்றார். ஆறுதல் மொழி எதையும் அவர் சொல்லவில்லை. நாங்கள் விழித்திருக்க வேண்டிய கடமையை அவர் தம்மிடம் வாங்கிக்கொண்டார், அவ்வளவே. அன்றுதான் நான் தூங்கினேன்.

இதைச் செய்யுமாறு அவருக்கு யாரும் ஆணையிடவில்லை. அடுத்த வாரம் அவருக்குப் பதிலாக வந்த காவலர் இதைச் செய்யவில்லை. அவர்மீது எங்களுக்குக் குறையும் இல்லை, ஏனெனில் அவரும் தம் வேலையை முழுமையாகவே செய்தார். இருவருக்கும் வேலை ஒன்று, சம்பளமும் ஒன்றாகவே இருந்திருக்கும். அந்த இரண்டு இரவுகளுக்கு இடையில் எங்களுக்குத் தெரிந்த வேறுபாட்டைத்தான் நான் கனிவு என்கிறேன், அந்த வேறுபாட்டுக்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடமில்லை.

மார்ச் 5

நேற்று எழுதியதற்கு வலுச்சேர்க்கும் ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் தூய்மைப் பணி செய்வோரிடம் அவர்களது வேலையைப் பற்றிக் கேட்டறிந்து, 2001-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே வேலையைச் செய்தவர்கள் அதை இரண்டு விதமாக விவரித்தார்கள். ஒரு சாரார் கொடுத்த பணியை முடித்து, மனிதர்களோடு இயன்றவரை குறைவாகப் பழகினார்கள். மற்றொரு சாரார், நோயாளிகளோடும் பார்வையாளர்களோடும் பேசுவது, செவிலியர்களின் வேலை தடைபடாதவாறு தம் வேலையின் நேரத்தை அமைத்துக்கொள்வது என்று, யாரும் கேட்காத பலவற்றைத் தாமாகவே சேர்த்துக்கொண்டு, நோயாளி குணமாவதில் தமக்கும் பங்குண்டு என்று கருதினார்கள்.

உளவியலாளர் பேரி ஷ்வார்ட்ஸ் இத்தகைய பணியாளர் ஒருவரைப் பற்றிப் பேசியிருக்கிறார். நினைவிழந்து கிடந்த இளைஞன் ஒருவனின் அறையை அந்தப் பணியாளர் சுத்தம் செய்து முடித்திருந்தார். மகனருகே நெடுங்காலமாகக் காத்திருந்த தந்தை அந்த நேரத்தில் வெளியே போயிருந்ததால், அதைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து, அறை சுத்தம் செய்யப்படவில்லை என்று சினந்தார். பணியாளர் வாதாடாமல், அந்தத் தந்தை பார்க்கும்படி அறையை மறுபடியும் சுத்தம் செய்தார். அவரது பணிப்பட்டியலில் தரையும் குப்பைக் கூடையும் இருந்தன. மனிதர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதை ஷ்வார்ட்ஸ் எடுத்துக்காட்டுகிறார்.

இதைப் படித்தபோது என்னை நிறுத்தியது அந்தப் பொறுமையைக் காட்டிலும் அவருடைய கணிப்பு. தந்தையின் கோபம் தரையின் மீதானது அல்ல என்பதை அவர் கண்டுகொண்டார். மகனுக்காக எதையாவது ஒன்றைச் சரிசெய்துவிட முடியும் என்று அந்த மனிதருக்குத் தோன்ற வேண்டியிருந்தது. அதற்குத் தரையை இன்னொரு முறை துடைப்பதே போதுமானதாக இருந்தது.

மார்ச் 5, மாலை

இவை அரிய நிகழ்ச்சிகள் என்றும், பெரும்பாலான ஊழியர்கள் இப்படி இல்லை என்றும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அரியவை என்று எனக்குத் தோன்றவில்லை. இவை அரைநிமிடத்தில் முடிந்துவிடுவதாலும், பெறுபவர் வேறொரு கவலையில் இருப்பதாலும் நினைவில் தங்குவதில்லை. படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டாம் என்று பென்சிலால் கோடிட்டுத் தருபவரை நாம் யாரும் வீட்டுக்கு வந்து விவரிப்பதில்லை.

மார்ச் 7

"அப்படியானால் கனிவு என்பது குணத்தைப் பொறுத்தது, நல்லவர் செய்வார், மற்றவர் செய்யமாட்டார்" என்று ஒருவர் முடித்துவிட்டார். அங்கேதான் நான் வேறுபடுகிறேன். இந்த இழையில் நான் சொல்ல விரும்புவதும் இதுதான். ஊழியரின் கனிவு அவருடைய குணத்தைப் பொறுத்திருக்கும் அளவுக்கு, அவருக்கு விடப்பட்டிருக்கும் நேரத்தையும், தாமாக முடிவெடுக்க அவருக்குள்ள இடத்தையும் பொறுத்திருக்கிறது.

1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு பலருக்கும் தெரிந்திருக்கும். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமியபடி இருந்தார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் உதவ முன்வந்தார்கள். ஓரளவு அவசரப்படுத்தப்பட்டவர்களில் 45 விழுக்காட்டினர். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே. அந்த மாணவர்கள் அனைவரிலும் ஒரு பாதியினர், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றியே சொற்பொழிவாற்றப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். என்ன பேசப்போகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. கையில் இருந்த நேரம் உண்டாக்கியது.

நான் அழைப்பு மையம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். அங்கே ஒவ்வோர் அழைப்பும் தொடங்கியவுடன் திரையின் மூலையில் கடிகாரம் ஓடத் தொடங்கும். குறித்த நேரத்தைத் தாண்டினால் எண்கள் சிவப்பாகும். மாத இறுதியில் சராசரி கையாளும் நேரம் என்ற கணக்கு மதிப்பெண்ணாக மாறி, ஊக்கத்தொகையைத் தீர்மானிக்கும். அழைப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்ல வேண்டிய வாசகங்கள் எழுதித் தரப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்றை விட்டாலும், பதிவைக் கேட்டுத் தரத்தை மதிப்பிடுபவர் மதிப்பெண்ணைக் குறைப்பார்.

எனக்கு அடுத்த இருக்கையில் இருந்த அம்மையாருக்கு ஒருநாள் முதியவர் ஒருவரின் அழைப்பு வந்தது. மனைவியின் பெயரில் இருந்த இணைப்பை மூட வேண்டும் என்றார். விதிப்படி கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் பேச வேண்டும். அவரிடம் போனைக் கொடுங்கள் என்பதுதான் திரையில் இருந்த வாசகம். முதியவர் பேச்சை இழுத்த விதத்திலிருந்தே அந்த அம்மையார் புரிந்துகொண்டார். அந்த வாசகத்தை அவர் சொல்லவில்லை. எந்தச் சான்றிதழின் நகலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதை மெதுவாகச் சொல்லி, அவர் எழுதிக்கொள்ளும்வரை காத்திருந்தார். இறுதியில் "வேறு ஏதேனும் உதவி தேவையா, எங்கள் புதிய திட்டங்களைப் பற்றி அறிய விரும்புகிறீர்களா" என்ற கட்டாய வாசகத்தையும் விட்டுவிட்டார். அந்த அழைப்புக்கு அவருடைய மதிப்பெண் குறைந்தது. நாங்கள் எல்லோரும் அதை அறிந்திருந்தோம். அவரும் அறிந்தே செய்தார்.

கனிவு என்றால் கூடுதலாக ஏதோ ஒன்றைச் செய்வது என்று நினைக்கிறோம். அன்று அது சொல்ல வேண்டிய இரண்டு வாக்கியங்களைச் சொல்லாமல் விட்டதில் இருந்தது. அதற்கான விலையையும் அவரே தம் ஊக்கத்தொகையிலிருந்து கட்டினார்.

மார்ச் 8

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "நிறுவனங்களே கனிவைப் பயிற்சியாகத் தருகின்றனவே, அப்படியென்றால் அது வேலையின் பகுதிதானே" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

இந்தப் பயிற்சியைப் பற்றி ஆழமாக எழுதியவர் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட். விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து அவர் 1983-இல் வெளியிட்ட நூல்தான், உணர்ச்சியையும் ஓர் உழைப்பாகப் பார்க்கும் பார்வையை இத்துறையில் நிலைநிறுத்தியது. பணிப்பெண் தம் எரிச்சலை அடக்கி இனிமையை வரவழைத்துக்கொள்ள வேண்டும். கடன் வசூலிப்பவர் தம் இரக்கத்தை அடக்கிக் கடுமையை வரவழைத்துக்கொள்ள வேண்டும். இருவருமே தமக்கு உண்மையில் தோன்றுவதை ஒதுக்கிவைக்கும் வேலையைச் செய்கிறார்கள். முகத்தில் மட்டும் காட்டுவது ஒரு வகை என்றும், எதிரில் இருப்பவரைப் பற்றிய எண்ணத்தையே மாற்றிக்கொண்டு அந்த உணர்ச்சியை உண்மையாகவே தம்முள் எழுப்பிக்கொள்வது மற்றொரு வகை என்றும் அவர் பிரித்தார். நாள் முழுவதும் இதைச் செய்பவருக்கு, தம்முடைய சிரிப்பு எது, நிறுவனத்தின் சிரிப்பு எது என்பதே மங்கிப்போகும் என்ற அவரது எச்சரிக்கை இன்றும் பொருந்துகிறது.

1990-களில் அமெரிக்கப் பேரங்காடித் தொடர் ஒன்று, ஒவ்வொரு வாடிக்கையாளரின் கண்ணையும் பார்த்துச் சிரிக்க வேண்டும், பெயரைச் சொல்லி நன்றி கூற வேண்டும் என்று விதித்தது. இந்தக் கட்டாயச் சிரிப்பைச் சில ஆண்கள் தவறாகப் புரிந்துகொண்டு தொந்தரவு செய்வதாகப் பெண் ஊழியர்கள் 1998-இல் முறையிட்டார்கள். யாரிடம் சிரிப்பது, யாரிடம் விலகியிருப்பது என்று தாமே முடிவெடுக்கும் உரிமை அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தது. எனவே பயிற்சியால் வருவதை நான் இகழவில்லை. ஆனால் விதியாக்கப்பட்ட கனிவில், கனிவுக்கு உயிரான அந்த முடிவெடுக்கும் இடம் அடைபட்டுப்போகிறது.

மார்ச் 9

"கட்டாயச் சிரிப்பாக இருந்தாலும் எனக்கு அது இதமாகவே இருக்கிறது" என்று எழுதியவருக்கு: இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. நன்னடத்தை எல்லோருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டியது. அதை விதியாக வைப்பதே நல்லது. இல்லாவிட்டால் ஊழியருக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் மரியாதையும், எளிய உடையில் வருபவர்களுக்கு ஏளனமும் கிடைக்கும். கனிவு அதற்கு மேல் தொடங்குவது.

மார்ச் 12

மூன்று நாட்களாக ஒரு மறுப்பு என்னை விடவில்லை. அதை எழுப்பியவர் யாருமில்லை, எனக்கே தோன்றியது. கவுன்டரில் ஒருவரிடம் ஊழியர் பத்து நிமிடம் கனிவாகப் பேசினால், அந்தப் பத்து நிமிடம் யாருடையது? பின்னால் வரிசையில் நிற்கும் எல்லோருடையதும். அவர்களில் ஒருவர் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஓட வேண்டியவராக இருக்கலாம்; இன்னொருவர் நெடுநேரம் நிற்க முடியாதவராக இருக்கலாம். எதிரில் நிற்பவரின் துயரம் கண்ணுக்குத் தெரிகிறது, வரிசையின் துயரம் தெரிவதில்லை. அப்படியானால் அந்தக் கனிவு பிறருடைய நேரத்தை எடுத்துக் கொடுத்த கொடையாகிவிடாதா?

இதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. ஆனால் திறமையான ஊழியர்கள் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். அவர்கள் வரிசையையும் பார்த்துப் பேசுகிறார்கள். "இவருக்குச் சற்று நேரமாகும், கையெழுத்து மட்டும் தேவைப்படுபவர்கள் பக்கத்து ஜன்னலுக்குப் போகலாம்" என்று தலையை உயர்த்திச் சொல்லும் ஒருவர், எதிரில் நிற்கும் ஒருவருக்கும் பின்னால் நிற்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் கனிவு காட்டுகிறார். படிவத்தைச் சரிபார்க்கத் தெரியாமல் தடுமாறுபவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இடையில் இருவரை அனுப்பிவிட்டு, மீண்டும் அவரிடம் வருவோரும் உண்டு. தடுமாறுபவருக்கும் அது நல்லது. பின்னால் நிற்பவர்களின் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டு யாரால் ஒழுங்காக எழுத முடியும்?

பேருந்து ஓட்டுநரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடி வருபவருக்காக நிறுத்திவைப்பதைத்தான் நாம் கனிவென்று கொண்டாடுகிறோம். அதற்கு நன்றியும் கிடைக்கிறது. ஏறிய முதியவர் உட்காரும்வரை, அல்லது கம்பியைப் பிடிக்கும்வரை, வண்டியை எடுக்காமல் சில நொடிகள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓட்டுநரை யாரும் கவனிப்பதில்லை. பேருந்துப் பயணிகளுக்கு ஏற்படும் காயங்களில் கணிசமானவை மோதல் எதுவும் இல்லாமலேயே, வண்டி கிளம்பும்போதும் திடீரென நிற்கும்போதும் உள்ளே விழுவதால் நேர்கின்றன. அவற்றில் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் வயதானவர்கள். அந்தச் சில நொடிகளால் யாருடைய இடுப்பெலும்பு தப்பியது என்பது ஓட்டுநருக்கும் தெரியாது, தப்பியவருக்கும் தெரியாது. நடக்காமல் போன விபத்துக்கு நன்றி சொல்ல யாரும் வருவதில்லை. அட்டவணை இறுக்கமாக இருக்கும் வழித்தடத்தில் முதலில் பறிபோவதும் இந்த நொடிகள்தான்.

மார்ச் 13

நேரத்தையே அதிகாரபூர்வமாகக் கொடுத்துவிட்டால் என்ன என்று சிலர் முயன்றிருக்கிறார்கள். நெதர்லாந்துப் பேரங்காடித் தொடர் ஒன்று, அவசரமில்லாமல் பேசிக்கொண்டே பொருள் வாங்க விரும்புபவர்களுக்கென்று தனியாக ஒரு பில் கவுன்டரை 2019-இல் தொடங்கியது; தனிமையில் வாழும் முதியோரை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட ஏற்பாடு அது. பின்னர் இருநூறு கடைகளுக்கு விரிவாக்கப் போவதாகவும் அறிவித்தார்கள். நேற்று நான் எழுப்பிய வரிசைச் சிக்கலுக்கு இது நேரான தீர்வு: அங்கே நிற்கும் எவரும் தம் நேரம் பறிக்கப்படுவதாக நினைக்கமாட்டார்.

பிரான்ஸ் அஞ்சல் துறையின் வழி வேறு. 2017 முதல், முதிய பெற்றோரைத் தபால்காரர் வாரத்தில் குறித்த நாட்களில் சென்று பார்த்து, அவர்களது நலத்தைப் பிள்ளைகளுக்குத் தெரிவிக்கும் சேவையை மாதக் கட்டணத்துக்கு அளிக்கிறது. தபால்காரர்கள் வழியில் சும்மா விசாரித்துவிட்டுப் போனதற்கு இப்போது கட்டணமா என்று அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. கேள்வி கேட்டவர் இதைத் தம் வாதத்துக்குச் சான்றாகக் கொள்ளலாம், நான் தடுக்கமாட்டேன். ஆயினும், கடிதங்கள் குறைந்து, தபால்காரரின் சுற்று நிமிடக் கணக்கில் அளக்கப்படும் காலத்தில், அந்த விசாரிப்புக்கு இனி இலவசமாக இடம் கிடைக்காது என்ற கவலையும் எனக்கு உண்டு.

என் மனம் சாய்வது மூன்றாவது வகையின் பக்கம். அமெரிக்காவில் அஞ்சல் துறையும் தபால்காரர் சங்கமும் இணைந்து 1982-இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கின. பதிவு செய்துகொண்ட முதியவர் வீட்டுப் பெட்டியில் தபால்கள் எடுக்கப்படாமல் குவிந்தால், தபால்காரர் அதைத் தெரிவிப்பார். அதன்பின் ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். நாள்தோறும் அதே வாசலுக்குப் போகிறவருக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒன்றை அந்த ஏற்பாடு மதித்தது. அவரைப் பேச்சுத் துணையாகவோ காவலராகவோ மாற்றவில்லை. அவர் கண்டதை யாரிடம் சொல்வது என்று காட்டியது. பல ஊழியர்களிடம் கவனம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கவனத்தை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் தெரிவதில்லை.

மார்ச் 16

பெறுபவரின் பக்கம் இதுவரை பேசப்படவில்லை. ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பானம் வாங்க வந்தவர்களில் சிலரை வேலையைச் சட்டென முடித்துக்கொண்டு வருமாறும், மற்றவர்களைக் கடை ஊழியரின் கண்ணைப் பார்த்து, சிரித்து, ஓரிரு வார்த்தை பேசிவிட்டு வருமாறும் கேட்டுக்கொண்டார்கள். பேசியவர்களே மகிழ்ச்சியாகவும், மனிதர்களோடு சேர்ந்திருப்பதான உணர்வோடும் திரும்பினார்கள். அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரின் 2022-ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றைக் காட்டுகிறது: சிறு உதவி செய்பவர், பெறுபவருக்கு அது எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார். கொடுப்பவரின் எண்ணம் கொடுத்த பொருளின் அளவில் நிற்கிறது. பெற்றவரோ தம்மை ஒருவர் நினைத்தார் என்பதில் நெகிழ்கிறார்.

இதைப் படித்தபின் என் கவலை கூடியது. அந்த இரவுக் காவலர், தாம் செய்தது சிறிய வசதி என்றே நினைத்துக்கொண்டிருப்பார். எனவே சொல்லிவிட வேண்டும், அதுவும் இன்னதைச் செய்தீர்கள், அதனால் எனக்கு இன்னது நடந்தது என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

மார்ச் 16, இரவு

மேலே எழுதியதோடு ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும், இது அழைப்பு மைய நாட்களில் கண்டு தெரிந்துகொண்டது. ஊழியரின் கனிவில் பாதி, ஏதோ ஒரு விதியை நெகிழ்த்தியதாக இருக்கும். நேரம் முடிந்தபின் கதவைத் திறந்திருப்பார், தேவையான நகல் இல்லாமல் படிவத்தைப் பெற்றுக்கொண்டு நாளை கொண்டுவரச் சொல்லியிருப்பார், அபராதத்தைப் பதியாமல் விட்டிருப்பார். அவரைப் புகழ்கிறேன் என்று பெயர், படம், கவுன்டர் எண் எல்லாவற்றையும் பொதுவெளியில் போடுபவர், அவர் மேலதிகாரியிடம் விளக்கம் எழுதிக்கொடுக்க வேண்டிய நிலையை உண்டாக்கிவிடக்கூடும். விதிமீறல் இல்லாதபோதும் அந்தப் புகழ் சுமையாகலாம்: மறுநாள் முதல் வருபவர்கள் எல்லோரும் அதையே உரிமையாகக் கேட்பார்கள், அவரால் எல்லோருக்கும் செய்ய முடியாது, மறுத்தால் நேற்று நல்லவராக இருந்தவர் இன்று கெட்டவராகிவிடுவார்.

ஆகவே விதி நெகிழ்ந்த இடத்தில் நன்றியை நேரில், தாழ்ந்த குரலில் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விதிக்குள் நின்று செய்ததை மட்டும் எழுத்தில் மேலதிகாரிக்குத் தெரிவியுங்கள்.

மார்ச் 21

பிரிட்டனில் தற்கொலைத் தடுப்புப் பணியில் இருக்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பு, அந்நாட்டின் ரயில் பாதைகளை நிர்வகிக்கும் நிறுவனம், போக்குவரத்துக் காவல் துறை ஆகிய மூன்றும் இணைந்து 2017-இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கின. நடைமேடையில் ஒருவர் துயரத்தில் ஒதுங்கி நிற்பதாகத் தோன்றினால், எளிய கேள்வி ஒன்றைக் கேட்டுப் பேச்சுக் கொடுங்கள் என்பதே அதன் செய்தி. ரயில் ஊழியர்களுக்கு அதற்கு முன்பிருந்தே இத்தகைய பயிற்சி அளிக்கப்பட்டு வந்தது. அடுத்த ரயில் எப்போது என்று கேட்பது, பெயரைக் கேட்பது, உட்கார்ந்து பேசலாமா என்று கேட்பது ஆகியவை போதும்; ஓடிக்கொண்டிருக்கும் எண்ணத்தில் ஒரு தடை விழுந்தால், அந்த நெருக்கடியான நேரம் கடந்துபோக வாய்ப்புண்டு.

பயிற்சியைப் பற்றி மார்ச் 8 அன்று நான் எழுதியதோடு இதைச் சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கே பயிற்சி ஒரே வாசகத்தை எல்லோரிடமும் சொல்ல வைத்தது. இங்கே பயிற்சி, யாரிடம் போக வேண்டும் என்று பார்க்கக் கற்றுத் தருகிறது. போனபின் என்ன சொல்வது என்பதை ஊழியரிடமே விட்டுவிடுகிறது. பயிற்சியே கூடாது என்று என் சொற்களை யாராவது எடுத்துக்கொண்டிருந்தால், அது என் கருத்தன்று.

மார்ச் 24

"உங்கள் பக்கத்து இருக்கை அம்மையார் இப்போது என்ன செய்கிறார்" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் அந்த வேலையை விட்டுவிட்டார். கடினமான அழைப்புகளைப் பொறுமையாகக் கையாள்கிறார் என்பதாலேயே எல்லாக் கடினமான அழைப்புகளும் அவருக்குத் திருப்பிவிடப்பட்டன. சினத்தோடு வருபவர்களையும் அழுகிறவர்களையும் நாள் முழுவதும் கேட்டவருக்கு, இடையில் மூச்சுவிட ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுக்கப்படவில்லை. கனிவுள்ளவருக்கு மேலும் வேலையைக் கொடுப்பதே பல இடங்களில் கனிவுக்குக் கிடைக்கும் ஒரே பதிலாக இருக்கிறது. பெண் ஊழியர் என்றால் இந்த எதிர்பார்ப்பு இன்னும் கூடுகிறது. ஆண் சுருக்கமாகப் பேசினால் வேலையில் கவனமாக இருக்கிறார் என்கிறார்கள், பெண் அதே சுருக்கத்தில் பேசினால் கடுகடுப்பு என்கிறார்கள்.

இதனால்தான், கடுமையாக நடந்துகொண்ட ஊழியரைப் பற்றி வரும் குறைகளை நான் உடனே ஏற்பதில்லை. இழிவாகப் பேசியவரைக் காக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்மீது முறையிடத்தான் வேண்டும். ஆனால் முகத்தைப் பார்க்காமல் "அடுத்து" என்று சொன்னவர், காலையிலிருந்து எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறார், அவருக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் இருக்கைகள் எத்தனை என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள். பிரின்ஸ்டன் மாணவர்களில் விரட்டப்பட்டவர்கள் கடந்துபோனது அவர்கள் தீயவர்களாக இருந்ததால் அல்ல.

மார்ச் 30

முதலில் கேள்வி கேட்டவர், தம் வீட்டு முதியவரின் ஓய்வூதிய ஆவணத்துக்காகப் போன அலுவலகத்தில் ஊழியர் ஒருவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிப் பாராட்டுக் கடிதம் எழுத விரும்புவதாகவும், என்ன எழுதுவது என்றும் கேட்டிருக்கிறார். மகிழ்ச்சி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"மிகவும் அன்பாக நடந்துகொண்டார்" என்று மட்டும் எழுதினால், அந்தக் கடிதம் கோப்பில் போய்விடும். நாள், நேரம், ஜன்னல் எண், அவர் செய்த காரியம் ஆகியவற்றை எழுதுங்கள். முதியவரால் விரல்ரேகை பதிக்க முடியாதபோது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் காதில் விழும்படி எழுந்து வந்து இரண்டு முறை சொன்னார் என்றீர்களே, அதை அப்படியே எழுதுங்கள். அதனால் உங்களுக்கு இன்னொரு பயணம் மிச்சமானதையும் எழுதுங்கள். அலுவலகங்களுக்கு அந்தக் கணக்கு புரியும். உங்களுக்காக அவர் உணவு இடைவேளையில் இருந்தபடி கையெழுத்து வாங்கித் தந்ததை எழுத வேண்டாம். அது அவருக்கும் உங்களுக்கும் தெரிந்தால் போதும்.

கடிதத்தின் முடிவில் ஒரு கோரிக்கையையும் வையுங்கள். முதியோர் வரும் அந்த ஜன்னலில் ஆளுக்கு ஒதுக்கப்படும் நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது அங்கே இன்னொருவரை அமர்த்துங்கள் என்று கேளுங்கள். ஒருவரைப் பாராட்டி எழுதும் கடிதத்தில் இதைக் கேட்பதற்குத் தயங்காதீர்கள். புகார்க் கடிதத்தில் கேட்டால் ஊழியர்மீது திரும்பும், பாராட்டுக் கடிதத்தில் கேட்டால் நிர்வாகத்தை நோக்கிப் போகும். மேலதிகாரிக்கு அனுப்பிய கடிதத்தின் நகலொன்றை அந்த ஊழியரிடமும் கொடுத்துவிடுங்கள். ஆண்டு மதிப்பீட்டின்போது அவர் எடுத்துக்காட்ட ஒரு காகிதம் கையில் இருக்கும்.